எல்லாருக்கும் ஒரு நாற்காலி

பழைய மாமல்லபுரம் சாலையில் நாவலூர் தாண்டினால் சிறுசேரி சிப்காட். அதற்கப்புறம் கேளம்பாக்கம். உள்ளே திரும்பினால் வண்டலூர், தாம்பரம். இந்தச் சுற்றுக்குள் இருக்கிற கல்லூரிகளில் பெரும்பாலானவை பொறியியல் கல்லூரிகள். அரசியல் அறிவியலுக்கென்று ஒரு துறை வேண்டுமென்றால் தாம்பரம் கிறித்துவக் கல்லூரி மாதிரி ஓரிரு இடங்களைத்தான் தேடிப் போகவேண்டும். மற்ற பிள்ளைகள் சர்வதேச அரசியல் என்ற வஸ்துவை நேருக்கு நேர் சந்திப்பது ஒரே இடத்தில்தான்: ஏதோ ஒரு சனி ஞாயிறில், ஏ.சி. போட்ட செமினார் ஹாலில், அண்ணனிடம் கடன் வாங்கிய கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டு. எம்.யூ.என். என்று எல்லாரும் செல்லமாகச் சொல்லும் மாதிரி ஐக்கிய நாடுகள் சபை.

அது ஒரு பேச்சுப்போட்டி. பள்ளிக்கூடத்தில் ‘நான் முதலமைச்சரானால்’ என்று பேசினோமே, அதன் ஆங்கில வடிவம். பதிவுக் கட்டணம் உண்டு, மதியச் சாப்பாடு உண்டு, கடைசியில் ‘பெஸ்ட் டெலிகேட்’ கோப்பை உண்டு, கோப்பையோடு எடுத்த படம் லிங்க்ட்இன்னில் உண்டு. இதில் எதுவும் குற்றமில்லை. இதைச் சர்வதேச அரசியல் கற்பித்தல் என்று கல்லூரிகள் விளம்பரப் புத்தகத்தில் அச்சடிக்கும்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஏனென்றால் அங்கே கற்பிக்கப்படுவது தப்பான பாடம். ஒரு கமிட்டியில் முப்பது நாற்பது நாடுகள். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நாற்காலி, ஒரு பெயர்ப்பலகை, பேச ஒன்றரை நிமிடம். மாலத்தீவு நன்றாகப் பேசினால் மாலத்தீவு ஜெயிக்கும். அமெரிக்காவுக்கு வந்த பையன் தொண்டை கட்டிக்கொண்டு திணறினால் அமெரிக்கா தோற்கும். ரஷ்யாவை வாதத்தில் மடக்கி, ஞாயிறு மாலை நாலு மணிக்குள் உக்ரைன் பிரச்சினையை முடித்துவைத்த பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். கைதட்டல் பிரமாதம்.

பிப்ரவரி 25, 2022 அன்று நிஜப் பாதுகாப்புச் சபையில் என்ன நடந்தது? தீர்மானத்துக்கு ஆதரவாக 11 வாக்கு. ரஷ்யா வீட்டோ. இந்தியா, சீனா, ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் வாக்களிக்கவில்லை. முடிந்தது கதை. இந்தியா ஏன் கையைத் தூக்கவில்லை என்பதற்கான விடை அந்த அறையில் பேசிய எந்தப் பேச்சிலும் இல்லை. நம் ராணுவத்திடம் இருக்கிற ரஷ்யத் தளவாடங்களில் இருந்தது. அந்த வாரம் கார்கிவிலும் சுமியிலும் பதுங்கு அறைக்குள் உட்கார்ந்து வீட்டுக்கு வாட்ஸ்அப் செய்துகொண்டிருந்த நம் மருத்துவ மாணவர்களிடம் இருந்தது. ஆபரேஷன் கங்கா என்று பெயர் வைத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்களே, அவர்கள் வெளியே வரும்வரை டெல்லியால் எந்தப் பக்கமும் சத்தமாகப் பேசமுடியாது. பிள்ளையை அங்கே படிக்க அனுப்பிய பெற்றோருக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. எம்.யூ.என். கோப்பை வாங்கியவருக்குத்தான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. ‘மாடரேட்டட் காகஸ்’ என்று ஒரு சடங்கு இருக்கிறது, எம்.யூ.என். பிள்ளைகளுக்கு அது வேதம். நிஜ ஐ.நா.வில் அப்படி ஒன்று கிடையாது. அமெரிக்கச் சட்டமன்ற நடைமுறைகளிலிருந்து எடுத்து ஒட்டவைத்தது. பொதுச்சபையின் தீர்மானங்களில் பெரும்பாலானவை வாக்கெடுப்பே இல்லாமல் ஒருமித்து நிறைவேறுகின்றன. அதற்கு முன் வாரக்கணக்கில் யாரும் கைதட்டாத அறைகளில் ஒரு வார்த்தைக்காக, ஒரு காற்புள்ளிக்காக இழுபறி நடக்கும். இந்த மாதிரிக்கும் அசலுக்கும் இவ்வளவு தூரம் விழுந்ததைப் பார்த்துச் சகிக்காமல் ஐ.நா.வே தன் நடைமுறைப்படி மாதிரி மன்றம் நடத்துவது எப்படி என்று கைநூல் போட்டுப் பயிற்சி கொடுத்தது. நம் ஊரில் அதை யார் சீண்டினார்கள்? பழைய ‘பாயிண்ட் ஆஃப் ஆர்டர்’தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் விளையாட்டே வேண்டாம், கரும்பலகையும் பாடக்குறிப்பும் போதும் என்கிறேனா? இல்லவே இல்லை. விளையாடிக் கற்பதை என்னைவிட நம்புகிறவர்கள் இந்தப் பகுதியில் குறைவு. யதார்த்தவாதம், தாராளவாதம் என்று நோட்ஸ் எழுதிப் போட்டுப் பதினைந்து மதிப்பெண் கேள்விக்குத் தயார் செய்வதைவிட ஒரு மதியம் விளையாடினால் அதிகம் ஏறும். என் சண்டை, எம்.யூ.என். போதிய அளவு விளையாட்டாக இல்லை என்பதோடுதான். விளையாட்டு என்றால் தோற்க முடியவேண்டும். கையில் இருப்பது குறையவேண்டும். எதிராளியின் சீட்டு தெரியக்கூடாது.

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதும் இல்லை. 1824-இல் பிரஷ்ய ராணுவத்தில் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி வரைபடத்தின் மேல் கட்டைகளை நகர்த்தும் போர் விளையாட்டை ஒழுங்குபடுத்தினார். அதில் ஒரு நடுவர் உண்டு. எதிரி எங்கே இருக்கிறான் என்பது உன் கண்ணுக்குப் படும் தூரம் வந்தால்தான் நடுவர் கட்டையை வைப்பார். அடிபட்டதா தப்பியதா என்பதைப் பகடை சொல்லும். 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஹரால்ட் கெட்ஸ்கோ என்ற பேராசிரியர் மாணவர்களை வைத்துக் கற்பனை நாடுகளை நடத்தினார். அந்த விளையாட்டில் எனக்கு மிகப் பிடித்த விதி: ஆட்சியில் இருப்பவர் உள்நாட்டு மக்களைத் திருப்திப்படுத்தாவிட்டால் பதவி போய்விடும். வெளியே எவ்வளவு பெரிய ராஜதந்திரி என்றாலும் வீட்டில் அரிசி விலை ஏறினால் ஆள் காலி. அறுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, நம் எம்.யூ.என்.னில் இன்றுவரை ஒரு ‘டெலிகேட்’டுக்குக்கூடப் பதவி போனதில்லை.

1969-இல் கேரி ஷர்ட்ஸ் என்பவர் செய்த ‘ஸ்டார்பவர்’ இன்னும் எளியது. வண்ணச் சில்லுகளை மாற்றிக்கொள்ளும் வியாபார விளையாட்டு. மூன்று குழு. கொஞ்ச நேரம் கழித்து, அதிகம் சேர்த்த குழு இனிமேல் விதியை எழுதிக்கொள்ளலாம் என்று அறிவித்துவிடுவார்கள். மேலே இருப்பவர்கள் திறமையால் மேலே வரவில்லை, முதல் சுற்றில் அவர்கள் பையில் போட்ட சில்லே வேறு என்பது மற்றவர்களுக்குக் கடைசியில்தான் தெரியவரும். அரைமணி நேரத்துக்குள் அறையில் சண்டை வந்துவிடும். சமமற்ற வாணிகம் பற்றி நான் பார்த்ததிலேயே நல்ல பாடம் அது. செலவு? ஒரு பை பிளாஸ்டிக் பொத்தான்.

இவை எல்லாவற்றிலும் இருக்கிற, எம்.யூ.என்.னில் இல்லாத விஷயம் ஒன்று. அங்கே எல்லாருக்கும் ஒரே அளவு நாற்காலி. நிஜத்தில் சிலருக்குச் சிம்மாசனம், சிலருக்கு முக்காலி, பலருக்கு நிற்கக்கூட இடம் கிடையாது. அந்தப் பலர் யார் என்று கேட்பதில்தான் சர்வதேச அரசியல் படிப்பே ஆரம்பிக்கிறது. அதிலும் தமிழ்நாட்டில் உட்கார்ந்து படிக்கிறவர்களுக்கு.

2013 மார்ச் ஞாபகம் இருக்கிறதா? ஜெனிவாவில் மனித உரிமைக் குழுவில் இலங்கை மீதான தீர்மானம் வர இருந்தது. மார்ச் 8 அன்று லயோலா கல்லூரி மாணவர்கள் சிலர் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். அது மாநிலம் முழுக்கப் பற்றிக்கொண்டது. கல்லூரிகளைக் காலவரையின்றி மூட அரசு உத்தரவிட்டது. மார்ச் 19-இல் மத்திய கூட்டணி ஆட்சியிலிருந்து தி.மு.க. வெளியே வந்தது. 21-ஆம் தேதி வாக்கெடுப்பு: ஆதரவு 25, எதிர்ப்பு 13, விலகல் 8. இந்தியா ஆதரித்தது. ஆனால் அந்தத் தீர்மானத்தில் மாணவர்கள் கேட்ட சர்வதேச விசாரணை இல்லை, பொதுவாக்கெடுப்பும் இல்லை. அடுத்த வருடம், 2014 மார்ச் 27-இல், ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகம் விசாரிக்கலாம் என்று வலுவான தீர்மானம் வந்தது. அதில் இந்தியா விலகி நின்றது.

ராபர்ட் புட்னம் என்ற அறிஞர் 1988-இல் ஒரு கட்டுரை எழுதினார். தலைவர்கள் எப்போதும் இரண்டு மேசையில் ஒரே நேரத்தில் ஆடுகிறார்கள், ஒன்று வெளிநாட்டோடு, இன்னொன்று வீட்டுக்குள். ஒரு மேசையில் நல்ல நகர்வு இன்னொன்றில் கழுத்தை அறுக்கலாம். உலகம் முழுக்க வகுப்பில் நடத்துகிறார்கள். இதற்கு 2013, 2014 மார்ச் மாதங்களைவிட நல்ல உதாரணம் எங்கே கிடைக்கும்? ஒரு வருடம் கையைத் தூக்கவைத்த அழுத்தம் மறு வருடம் ஏன் வேலை செய்யவில்லை? கூட்டணி போய்விட்டதாலா? தேர்தல் வாசலில் நின்றதாலா? தீர்மானம் கூர்மையானதால் டெல்லிக்கே பயம் வந்ததா? கல்லூரியை மூடும் அளவுக்கு அந்த மேசையை ஆட்டியவர்கள் நம் மாணவர்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து அவர்களுடைய தம்பி தங்கைகள் அதே நகரத்தில் ‘நார்வேயின் மாண்புமிகு பிரதிநிதி’யாக ஆர்க்டிக் துருவத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆர்க்டிக் முக்கியமில்லை என்று சொல்லவில்லை. வீட்டுக் கூரை எரியும்போது யார் வீட்டு வரைபடத்தைப் படிப்பது என்று கேட்கிறேன்.

கல்லூரி நிர்வாகங்களுக்கு இது தெரியாமலில்லை. நார்வே பாதுகாப்பானது. இலங்கை என்றால் போலீஸ் வரும், கட்சிக்காரர் வருவார், சிறப்பு விருந்தினர் வரமாட்டார்.

சரி, குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகக்கூடாது. நான் நடத்திப் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பாக் நீரிணை. இரண்டு மதியம் வேண்டும், நாற்பது பேர், ஒரு கடல் வரைபடம், இரண்டு பகடை, சீட்டு எழுதக் காகிதம். கோட்டு வேண்டாம்.

முதல் மதியம் 1974-இலிருந்து 1976 வரை. டெல்லி, கொழும்பு, சென்னை என்று மூன்று மேசை. ஒவ்வொரு மேசைக்கும் மற்றவர் பார்க்கக்கூடாத ஒரு உறை. டெல்லியின் உறைக்குள் இருப்பது: மே 18 அன்று பொக்ரானில் குண்டு வெடித்தாகிவிட்டது, அக்கம்பக்கத்தில் நண்பர்கள் குறைவு. 1971 போரில் பாகிஸ்தான் விமானங்கள் கொழும்பில் இறங்கி எரிபொருள் நிரப்பியது மறக்கவில்லை. சிறிமாவோ கை நழுவிப் போய்விடக்கூடாது. கொழும்பின் உறை: உள்நாட்டில் பொருளாதாரம் மோசம், ஒரு வெற்றி வேண்டும். சென்னையின் உறை மெல்லியது. முதல்வரிடம் இருப்பது சட்டமன்றமும் மேடையும்தான். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் பேனா அவரிடம் இல்லை.

மூன்று மேசையும் ஆடி முடித்த பிறகு நடந்ததைச் சொல்வேன். 285 ஏக்கர் கச்சத்தீவு 1974 ஜூன் கடைசியில் ஒப்பந்தத்தின் மூலம் அந்தப் பக்கம் போனது. மீனவரும் யாத்திரிகரும் போய்வரலாம் என்று ஒரு ஷரத்து. கையெழுத்துக்குச் சில நாள் முன் வெளியுறவுச் செயலர் சென்னைக்கு வந்து முதல்வரிடம் விஷயத்தைச் சொன்னார் என்று 2024 தேர்தல் சமயத்தில் வெளியான ஆவணங்கள் சொல்கின்றன. அதை வைத்து இரண்டு பக்கமும் மாறி மாறி அடித்துக்கொண்டார்கள். சென்னை மேசையில் உட்கார்ந்து ஆடிய பிள்ளைகள் அந்தச் சண்டையைப் படிக்கும் விதமே வேறு. விஷயம் தெரிந்தும் தடுக்கச் சக்தி இல்லாதவர் வெளியே என்ன பேசுவார், உள்ளே என்ன பேசுவார் என்பது அவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்னால்தான் கையிலேயே நடந்திருக்கிறது.

அடுத்து 1976. இங்கே நான் ஒரு காரியம் செய்வேன். ஜனவரி 31 என்று கரும்பலகையில் எழுதிவிட்டுச் சென்னை மேசையை எடுத்து வராந்தாவில் வைத்துவிடுவேன். நெருக்கடி நிலை. தி.மு.க. ஆட்சி கலைப்பு. மேசைக்காரர்கள் கதவோரம் நின்று பார்க்கலாம், பேசக்கூடாது. மார்ச் மாதம் டெல்லிக்கும் கொழும்புக்கும் இடையே கடல் எல்லை ஒப்பந்தமும் கடிதப் பரிமாற்றமும் நடக்கிறது. ஒருவர் நீரில் மற்றவர் மீன் பிடிக்கக்கூடாது. கன்னியாகுமரிக்குத் தெற்கே வாட்ஜ் மேடு நமக்கு. பேரம் நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. யாருடைய கடலைப் பற்றிய பேரமோ அவர்களுக்கு அப்போது சட்டமன்றமே இல்லை என்பதைப் பாடப்புத்தகத்தில் படித்தால் ஒரு வரி. வராந்தாவில் நின்று பார்த்தால் பிள்ளைகள் கோபப்படுகிறார்கள். “சார், இது போங்கு ஆட்டம் சார்” என்றான் ஒருவன். ஆமாம்ப்பா.

இரண்டாம் மதியம் நம் காலம். ஆறு மேசை. டெல்லி, கொழும்பு, சென்னை, ராமேஸ்வரம் விசைப்படகு உரிமையாளர்கள், அதே கரையின் நாட்டுப்படகுக்காரர்கள், எதிர்க்கரையில் யாழ்ப்பாணம் மன்னார் மீனவர்கள். ஒரு சுற்று என்றால் ஒரு வாரம். விசைப்படகு மேசைக்கு ஒவ்வொரு சுற்றிலும் டீசல் செலவு, வட்டி, கூலி. எல்லைக்கு இந்தப் பக்கம் நின்று மடி இழுத்தால் பகடையில் அரைப்பங்கு மீன்தான். கோட்டைத் தாண்டினால் முழுப்பங்கு, கூடவே ஒரு சிவப்புச் சீட்டு எடுக்கவேண்டும். அதில் இலங்கைக் கடற்படை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மூன்று சுற்று தாண்டாமல் நின்று பார்ப்பார்கள். நாலாவது சுற்றில் வட்டி கட்டமுடியாது. தாண்டுவார்கள். யாரும் இவர்களைப் பேராசைக்காரர்களாக நடிக்கச் சொல்லவில்லை. கணக்கு தள்ளுகிறது.

எதிர்க்கரை மேசைக்கு நான் கொடுக்கும் உறைதான் வகுப்பைத் திருப்பிப்போடுவது. போர் நடந்த முப்பது வருடத்தில் அவர்களால் கடலுக்குப் போகமுடியவில்லை. பாதுகாப்பு வளையம், தடை, இடம்பெயர்வு. அந்த இடைவெளியில்தான் இந்தப் பக்க விசைப்படகுகள் அந்த நீரில் பழகின. 2009-க்குப் பிறகு கடன் வாங்கி வலை வாங்கி இறங்கினால் இரவில் இழுவைமடி வந்து வலையை அறுத்துக்கொண்டு போகிறது. 2017-இல் இலங்கை நாடாளுமன்றம் இழுவைமடியையே சட்டம் போட்டுத் தடை செய்தது. அதற்காகப் பாடுபட்டவர்களில் வடக்கின் தமிழ் மக்கள் பிரதிநிதிகளும் இருந்தார்கள். ‘தமிழனை சிங்களன் அடிக்கிறான்’ என்ற ஒற்றை வரியோடு உள்ளே வந்த பிள்ளைகள் இந்த உறையைத் திறந்து படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசமாட்டார்கள். அதே சமயம் சுட்டதும் அடித்ததும் படகைப் பிடித்து வைத்ததும் பொய்யாகிவிடாது, அந்தச் சீட்டுகளும் கட்டில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துத்தான் சுமக்கவேண்டும்.

சென்னை மேசைக்கு நாலு சுற்றுக்கு ஒருமுறை தேர்தல். பிரதமருக்குக் கடிதம் எழுதச் செலவு கிடையாது, ஒவ்வொரு கடிதத்துக்கும் கொஞ்சம் வாக்கு கூடும். ஆழ்கடலுக்கு மாற்றுப் படகு வாங்கித்தர நிறையச் செலவு, வாக்கு உடனே கூடாது. என்ன செய்வார்கள் என்று நினைக்கிறீர்கள்? கடிதம், கடிதம், இன்னொரு கடிதம். டெல்லி மேசைக்கு இந்தக் கடல் நாலாவது ஐந்தாவது வேலைதான். முதல் உறையில் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 வருடக் குத்தகைக்குச் சீனக் கம்பெனிக்குப் போனது இருக்கிறது. கொழும்பை ரொம்ப நெருக்கினால் என்ன ஆகும் என்ற பயம் எல்லாச் சுற்றிலும் கூடவே வரும்.

இரண்டு மீனவர் மேசைகளும் நேரடியாகப் பேசக்கூடாது என்பது விதி. பேச்சு வேண்டுமென்றால் டெல்லியும் கொழும்பும் அனுமதிக்கவேண்டும். இது நான் சேர்த்த கெடுபிடி இல்லை. 2014 ஜனவரியில் சென்னையில் இரு நாட்டு மீனவர் பேச்சு நடந்தபோதும் அரசுகள் ஏற்பாடு செய்துதான் நடந்தது. எதிர்க்கரை மேசையில் இருந்த பெண் ஒருத்தி எழுந்து, “சார், ரெண்டு டேபிளுக்கும் நடுவுல மூணடிதான் இருக்கு, ரெண்டு பேரும் தமிழ்தான் பேசுறோம். எல்லாம் டெல்லி போய்ட்டுத்தான் வரணுமா?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. இறையாண்மை என்ற சொல்லுக்கு அதைவிட நல்ல விளக்கம் என்னிடம் கிடையாது.

ஆட்டம் தமிழில் நடக்கும். டெல்லிக்குப் போகும் தாள் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கவேண்டும். அதற்கென்று ஒரு மொழிபெயர்ப்பாளர். ‘எங்க தாத்தா காலத்துல இருந்து புழங்குற கடல்’ என்று ராமேஸ்வரம் மேசை எழுதியது டெல்லிக்குப் போய்ச்சேரும்போது ‘எல்லை தாண்டிய மீன்பிடிப்பு தொடர்பாக’ என்று ஆகியிருந்தது. மொழிபெயர்த்த பையனைத் திட்டித் தீர்த்தார்கள். அவன் ஒன்றும் தப்பாக எழுதவில்லை, அலுவலகம் படிக்கிற மாதிரி எழுதினான். ஆங்கிலம் சரளமாக வராத காரணத்தால் எம்.யூ.என். வாசல்படியிலேயே நின்றுவிடுகிற பிள்ளைகள் இந்த ஆட்டத்தில் முன்னால் வருவதையும் சொல்லவேண்டும். எம்.யூ.என். தன்னம்பிக்கை தருகிறது என்பவர்களிடம் நான் கேட்பது: யாருக்கு? ஏற்கெனவே இருப்பவர்களுக்கா?

இதற்கு எதிராக எனக்கு வந்த வாதங்களில் ஒன்றுதான் என்னை உறுத்தியது. உயிர் போன விஷயத்தைச் சீட்டும் பகடையுமாக ஆக்கலாமா? படகு பிடிபட்ட சீட்டு வந்தால் வகுப்பில் சிரிப்பு வரத்தான் செய்யும். அந்தச் சிரிப்புக்கு நடுவில் அப்பா நெடுந்தீவுப் பக்கம் பிடிபட்டு யாழ்ப்பாணச் சிறையில் இருந்தவர் என்கிற ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கலாம். முகாமில் பிறந்து இன்னும் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத ஒருவர் உட்கார்ந்திருக்கலாம். தென்சென்னைக் கல்லூரிகளில் இது கற்பனை இல்லை.

உண்மைதான். ஆகவே யாரையும் எந்த மேசைக்கும் கட்டாயப்படுத்துவதில்லை, முதல் நாளே எல்லாரிடமும் தனியாகக் கேட்டுவிடுவது உண்டு. ஆனால் நடந்த ஒன்றையும் சொல்கிறேன். ராமநாதபுரம் மாவட்டத்துப் பையன் ஒருவன் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவது சுற்று முடிந்ததும் எழுந்து வந்து, “டீசல் கணக்கு தப்பு சார். இந்த ரேட்டுக்கு ஒருத்தனும் கடலுக்குப் போகமாட்டான்” என்றான். ஐஸ், டோக்கன், கூலிப்பங்கு எல்லாவற்றையும் கரும்பலகையில் திருத்தி எழுதினான். வாரத்தில் விசைப்படகுக்கு எந்த நாள், நாட்டுப்படகுக்கு எந்த நாள் என்று கரையில் இருக்கும் ஏற்பாட்டை விளக்கினான். அன்று மீதி நேரம் வகுப்பை நடத்தியது அவன்தான். பேசாமல் மரியாதையாக ஒதுக்கி வைத்திருந்தால் அவன் மூன்று வருடமும் அந்த ஓரத்திலேயே உட்கார்ந்திருப்பான்.

பாக் நீரிணைதான் வேண்டும் என்றில்லை. சிறுசேரியிலிருந்து தெற்கே ஒரு மணி நேரத்தில் கல்பாக்கம். 2006-இல் இந்திய அமெரிக்க அணு ஒப்பந்தத்துக்காக எந்த உலையைச் சர்வதேசக் கண்காணிப்பில் வைப்பது, எதை வைக்காமல் விடுவது என்று பிரித்தபோது 22-இல் 14 உள்ளே போயின. கல்பாக்கத்தின் வேக ஈனுலை வெளியே நின்றது. அமெரிக்கா ஒரு பக்கம் இழுக்க, அணுசக்தித் துறையின் தலைவர் ககோட்கர் பகிரங்கமாக முடியாது என்று நிற்க, இடதுசாரிகள் 2008-இல் ஆதரவை வாபஸ் வாங்க, ஜூலை 22 அன்று 275-க்கு 256 என்று அரசு தப்பித்தது. நாலு மேசை போட்டால் ஒரு மதியத்துக்குக் காணும்.

சிப்காட் வாசலிலேயே வேண்டுமா? 2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை. எச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் என்று டிரம்ப் கையெழுத்துப் போடுகிறார். ஞாயிறு அதிகாலை அமலுக்கு வருகிறது. ஏற்கெனவே விசா வைத்திருப்பவருக்கும் உண்டா, விடுமுறைக்கு ஊருக்கு வந்தவர் உடனே விமானம் ஏறவேண்டுமா, யாருக்கும் தெரியாது. புது விண்ணப்பத்துக்கு மட்டும்தான் என்ற விளக்கம் சனிக்கிழமைதான் வந்தது. இடைப்பட்ட அந்த ஒரு நாளை ஆடிப் பார்க்கலாம்: கம்பெனி வக்கீல், வெளியுறவு அமைச்சகம், கல்யாணத்துக்கு வந்துவிட்டு டிக்கெட் விலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு இன்ஜினியர். கடைசி ஆளுக்கு எந்த மேசையிலும் இடமில்லை. நம் பொறியியல் பிள்ளைகளில் பாதிப்பேர் நாளைக்கு அந்தக் கடைசி ஆள்தான், அவர்களுக்கா சர்வதேச அரசியல் தேவையில்லை?

எந்த ஆட்டமானாலும் முக்கியமானது ஆடி முடித்த பிறகு வரும் ஒரு மணி நேரம். தாம்பரம் விமானப்படைத் தளத்தில் விமானிகளுக்குப் பயிற்சி தருபவர்களுக்கே பயிற்சி தரும் பள்ளி இருக்கிறது. பறந்து இறங்கினதும் உட்கார்ந்து எங்கே என்ன பிசகினது என்று அலசாமல் அந்தத் தொழிலில் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. எம்.யூ.என்.னில் அந்த ஒரு மணி நேரத்தில் கோப்பை கொடுக்கிறார்கள். ஆடினவர்கள் யார் எதை மறைத்தார்கள், ஏன் அந்த இடத்தில் விட்டுக்கொடுத்தார்கள் என்று உறைகளைப் பிரித்து எல்லார் முன்னாலும் படிக்கவேண்டும். அதைச் செய்யாவிட்டால் என் ஆட்டமும் வெறும் தாயக்கட்டம்தான். ஆடினால் மட்டும் போதாது என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. 1964 செப்டம்பரில் பென்டகனில் ‘சிக்மா’ என்ற பெயரில் வியட்நாமை ஆடிப் பார்த்தார்கள். குண்டு போட்டு வடக்கைப் பணியவைக்க முடியாது என்று ஆட்டம் காட்டியது. ஆடியவர்களில் மெக்ஜார்ஜ் பண்டியும் இருந்தார், ஜெனரல் லெமேயும் இருந்தார். ஆறு மாதம் கழித்து, 1965 மார்ச்சில், தொடர் குண்டுவீச்சைத் தொடங்கினார்கள்.

எனக்கு அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில் வந்த கேள்விகளில் ஒன்று இன்னும் மேசையில் கிடக்கிறது. 1974 உறைகளைப் பிரித்துக்கொண்டிருந்தோம். டெல்லி உறைக்குள் பின்னிணைப்பாக ஒரு தாள் இருந்தது. 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் மலையகத் தமிழர் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தாயிற்று. மிச்சம் 1,50,000 பேர். 1974 ஜனவரியில் அவர்களை ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

டெல்லி மேசைப் பெண் அந்தத் தாளை இரண்டு தடவை படித்துவிட்டு, “இவங்களுக்கு ஏன் சார் டேபிளே போடல?” என்றாள். எங்கே போடலாம், எந்த வருடத்தில் போடலாம், அந்த மேசையிடம் கையில் என்ன சீட்டு கொடுப்பது என்று அவர்களையே முடிவு செய்யச் சொன்னேன். முடியவில்லை. நாலரை மணி கல்லூரி பஸ் ஹாரன் அடித்தது, பாதிப்பேர் ஓடினார்கள். மீதிப்பேர் ஷேர் ஆட்டோவில் போய்க்கொள்கிறோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள்.